மத்தியான மாத்திரை

இந்த ஊரில் மலை தெரியும் அறைக்கு வாடகை ஜாஸ்தி. செங்கம் சாலைப் பக்கத்து விடுதிப் பலகைகளில் அதைத்தான் முதலில் எழுதுகிறார்கள். வெந்நீரும் வைஃபையும் அதற்கு அப்புறம்தான். என் அக்காவுக்கு அந்த அறை சும்மாவே கிடைத்தது. மார்பில் தொடங்கிய புற்று முதுகெலும்புக்குப் போய்விட்டது, இனி நாங்கள் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். வீடு திரும்பிய அன்றே மாமா, அதாவது அக்காவின் கணவர், கூடத்துக் கட்டிலை மேற்கு ஜன்னலைப் பார்க்கத் திருப்பிப் போட்டார். முதுகுக்கு இரண்டு தலையணை. கண் திறந்தால் மலை. கண்ணை மூடினாலும் மலைதான் என்று அவர் நம்பினார்.

பார்க்க வந்தவர்கள் நோயாளியைப் பார்ப்பதற்கு முன் ஜன்னலைப் பார்த்தார்கள். கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அப்புறம்தான் ஆப்பிள் பையை எங்கே வைப்பது என்று தேடினார்கள். என்ன கொடுப்பினை பாருங்கள், படுத்த இடத்திலேயே தரிசனம் என்று மாமாவிடம் சொன்னார்கள். கொடுப்பினைக்காரி கீழுதட்டைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாள். அதையும் பக்தி என்று எடுத்துக்கொண்டிருப்பார்கள். இந்த ஊரில் எதையும் அப்படி எடுத்துக்கொள்ளலாம்.

அக்காவுக்கும் மலைக்கும் பேச்சு நின்று வெகுகாலம் ஆகியிருந்தது. கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்த புதிதில் பௌர்ணமி தவறாமல் மாமாவோடு மலையைச் சுற்றினாள். வெறுங்காலோடு, ஒரு குழந்தை வேண்டுமென்று. தார் இளகும் மாதத்திலும் சுற்றினாள், மழையில் புடவை காலைச் சுற்றிக்கொள்ளச் சுற்றினாள். குழந்தை வரவில்லை. ஒரு பௌர்ணமியன்று மாமா வேட்டி மாற்றிக்கொண்டு வாசலில் நின்று கூப்பிட்டபோது, மாவு அரைக்கணும், நீங்க போயிட்டு வாங்க என்றாளாம். அவ்வளவுதான். சண்டையில்லை, காரணம் சொல்லவில்லை. அவள் போவதை நிறுத்தினாள், அவர் நிறுத்தவில்லை. அதற்குப் பிறகு அவள் கொடியில் துணி காயப்போடும்போது மலை எதிரே நிற்கும். பங்காளி வீட்டு வாசலைக் கடப்பவளைப் போல முகத்தைத் திருப்பாமலே உதறிப் போட்டுவிட்டு உள்ளே வருவாள்.

அந்த மலையைத்தான் அவள் கால்மாட்டில் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

வலியைப் பற்றி எழுத எனக்கு வராது. நான் சேர்த்து வைத்திருந்த உவமைகள் எல்லாம் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் போனதும் வெட்கப்பட்டு வெளியே வந்துவிட்டன. பார்த்ததை மட்டும் சொல்கிறேன். புரட்டிப் படுக்கவைக்க இரண்டு பேர் வேண்டும்; புரட்டி முடிக்கிறவரை அந்த இரண்டு பேரையும் அவள் வெறுப்பாள். விரல்கள் கட்டில் சட்டத்தைத் தடவிக்கொண்டே இருக்கும், எதையோ அங்கே தொலைத்துவிட்டதுபோல. மருந்தில் கொட்டிப்போய் மறுபடி முளைத்த முடி பள்ளிக்கூடப் பிள்ளையின் கிராப்புபோல நிற்கும். தொட்டால் அதுவும் வலிக்கிறது என்பாள்.

பிறகு வலி வண்டி வந்தது. எங்கள் தெருவில் வைத்த பெயர் அது. வீட்டுக்கே வந்து நோயாளிகளைப் பார்க்கிற ஆதரவு சிகிச்சைக் குழுவின் வேன். அதிலிருந்து இறங்கிய நர்ஸ் செருப்பை வாசலில் விட்டு, ஜன்னல் பக்கம் திரும்பாமல் நேராகக் கட்டிலுக்கு வந்து, அக்காவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "வலி எப்படி இருக்குதுக்கா?" என்று கேட்டாள். எத்தனையோ பரிசோதனை, எத்தனையோ படம், எத்தனையோ டாக்டர். யாரும் அதைக் கேட்டதில்லை. அக்கா அழுதாள். நர்ஸ் அவசரப்படாமல் உட்கார்ந்திருந்தாள்.

மார்ஃபின் என்றதும் மாமா முகம் மாறியது. அவர் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தத் தாளையும் இரண்டு முறை படிக்காமல் கையெழுத்துப் போடமாட்டார். அது சாகப்போகிறவர்களுக்குத் தருவதாயிற்றே என்றார்.

"உயிரோட இருக்கறவங்களுக்குத் தர்றதுங்க சார்," என்றாள் நர்ஸ். "செத்தவங்களுக்கு மாத்திரை எதுக்கு?"

நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, வலி வந்த பிறகல்ல, வருவதற்கு முன்னால், ஒரு வேளைகூட விடக்கூடாது என்று சொன்னாள். வயிறு கட்டிக்கொள்ளும், அதற்கு ஒரு மருந்து. முதல் சில நாள் தூக்கமாக இருக்கும், பாக்கி வைத்த தூக்கமெல்லாம் வரும், பயப்படாதீர்கள் என்றாள். மாமா தலையாட்டினார். நான் கல்லூரியில் பாடம் நடத்தி முடித்து மாலையில்தான் வருவேன். மாத்திரை கொடுப்பது அவர் பொறுப்பு என்று ஆனது. ஒழுங்கான மனிதர், நேரம் தவறாதவர் என்று எல்லோருக்கும் நிம்மதி.

அக்கா தூங்கினாள். ஆடி மாதத்துக் காற்றில் ஜன்னல் அடித்துக்கொள்ள, வாய் திறந்து, குறட்டையோடு, வெட்கமில்லாமல் தூங்கினாள். பிறகு எழுந்துகொண்டு கருவாட்டுக் குழம்பு வேண்டும் என்றாள். அன்றைக்குக் கிருத்திகை. வீட்டுக்குள் கருவாடு நுழையாத நாள்.

"சாமி கிட்ட சொல்லுடா, அடுத்த கிருத்திகைக்கு நான் இருக்கமாட்டேன், கடைசியா ஒருவாட்டி மூக்கைப் பொத்திக்கட்டும்னு."

சிரித்தாள். வெகுநாள் கழித்து என் அக்காவைப் பார்த்தேன். நோய்க்குள்ளே எங்கோ ஒளிந்திருந்தவள் வெளியே வந்து உட்கார்ந்திருந்தாள். கருவாடு என் வீட்டிலிருந்து தூக்குவாளியில் வந்தது. மாமா பூஜை அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

வீட்டின் கிழக்குப் பக்கம் தெரு. தெருவுக்கு எதிரே ஒரு மாவு மில். சத்தமும் மாவுத் தூசியும் வருகிறது என்று மாமா அந்த ஜன்னலை எப்போதும் சாத்தியே வைத்திருப்பார். அக்கா படுத்தபடி காதாலேயே மில்லைப் பார்த்தாள். இப்ப அரிசி ஓடுது என்பாள். இப்ப மாத்திட்டான், கோதுமை என்பாள். மிளகாய் போட்டால் எல்லோருக்கும் தும்மல் வரும், அதற்குக் காது வேண்டாம். தூக்குவாளியும் டின்னுமாக வரிசையில் நிற்கும் பெண்களின் குரலைக் கேட்டு, யார் மருமகள் யாரைத் திட்டுகிறாள் என்று எனக்குச் சொல்வாள். அந்த வரிசையில் நிற்பதுதான் அவள் இந்த ஊரில் கண்ட உல்லாசம். அரைக்க ஒன்றுமில்லாத நாளிலும் அரைப்படி உளுந்தை எடுத்துக்கொண்டு போய் நிற்பாளாம்.

அது அதிக நாள் நீடிக்கவில்லை. விடுமுறை நாளில் சீக்கிரம் போனால், மத்தியானத்துக்கு மேல் அவள் மறுபடி கட்டில் சட்டத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். மாலையில் சரியாகிவிடும், மறுநாள் மத்தியானம் திரும்ப வரும். நர்ஸ் கேட்டுப் பார்த்தாள், மருத்துவரிடம் பேசி அளவைக் கூட்டினாள். காலையும் இரவும் நன்றாக இருக்கும். மத்தியானம் மட்டும் யாரோ கதவைத் திறந்துவிட்டதுபோல வலி உள்ளே வரும். நோய் முற்றுகிறது என்று நினைத்தோம். மாமா நாற்காலியைக் கட்டிலருகே போட்டு, ஜன்னலைப் பார்த்தபடி, பதிகம் படித்துக்கொண்டிருந்தார். அவர் குரல் நன்றாக இருக்கும். அதுதான் இன்னும் கசக்கிறது.

அந்த வாரம் கீழ்பென்னாத்தூரிலிருந்து மாமாவின் தமக்கை, அக்காவின் நாத்தனார், வந்து தங்கினார். அவரும் முதலில் ஜன்னலைப் பார்த்தார். பிறகு காலை மாத்திரையில் கண்ணசந்து கிடந்த அக்காவைப் பார்த்தார்.

"எப்பப் பாத்தாலும் தூங்கிகினே கீது. மலையை எதிர்ல வெச்சிகினு தூங்கறதா? கடைசி மூச்சுல சாமி நெனப்பு வேணாமா தம்பி?" என்று என்னிடம் கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் மாமா, அதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்றார். எனக்கு அப்போது புரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாத்தனார் கோயிலுக்குப் போயிருந்தார். மாமா பின்கட்டில் குளித்துக்கொண்டிருந்தார். அக்காவுக்கு வேர்த்து ஊற்றியது. துண்டால் துடைத்தேன். மாத்திரை போட்டாச்சா என்று கேட்டேன்.

"காலையில குடுத்தார்," என்றாள்.

"மத்தியானத்துது?"

"மத்தியான மாத்திரை சாமிக்குடா."

வலியில் உளறுகிறாள் என்று நினைத்தேன். அவள் கண் பூஜை அறைப் பக்கம் போனது. எழுந்து போய்ப் பார்த்தேன். தீபம் ஏற்றிய மலையின் படத்துக்கு முன்னால், கற்பூரத் தட்டுக்குப் பின்னால் ஒரு பித்தளைக் கிண்ணம். அதில் வாடிய அரளிப் பூவும் விபூதித் தூளும். பூவை விலக்கினால் மாத்திரைகள், வெள்ளையாக, சின்னச் சின்னதாக. தூக்கி எறிய அவருக்கு மனம் வரவில்லை. படைத்திருந்தார்.

நான் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். என்னவோ, அந்தப் படத்தைப் பார்த்து, உனக்கு எங்கே வலிக்கிறது என்று கேட்கத் தோன்றியது.

திரும்பி வந்து, ஏன் சொல்லவில்லை என்று அக்காவைக் கேட்டேன். அவள் மூச்சைப் பார்த்துப் பார்த்து விட்டுச் சொன்னாள்.

"சொன்னா நீ அவர் கூட சண்டைக்குப் போவே. அவர் கெட்டவர் இல்லடா. நான் எங்கயோ நல்ல எடத்துக்குப் போகணும்னு பார்க்கறார். இங்க எப்படி இருக்கேன்னு பார்க்க அவருக்கு நேரமில்ல."

மாமா தலையைத் துவட்டிக்கொண்டு வந்தார். கிண்ணத்தைப் பார்த்தார். மறைக்கவில்லை, மழுப்பவில்லை. அவரைக் கிணற்றடிப் பக்கம் கூட்டிப்போனேன். அவர் சொன்னதைச் சுருக்கிச் சொல்கிறேன். உச்சிகால பூஜை நேரத்தில் ஒரு மனுஷி விழிப்போடு மலையைப் பார்த்தபடி இருக்கவேண்டும். போகிற நேரம் எப்போது என்று யாருக்கும் தெரியாது. ஆகவே தினமும் ஒரு வேளையாவது தெளிவாக இருக்கட்டும். இத்தனை வருஷம் அவள் மலையை மறந்திருந்தாள். அதற்கும் சேர்த்து அவரே சுற்றினார். கடைசியில் அவளாக ஒரு தடவை நினைத்துவிட்டால் போதும், அவளுக்கு இன்னொரு பிறவி கிடையாது. பிள்ளை இல்லாதவளுக்கு வேறு யார் கரையேற்றுவார்கள்?

"தூங்கிட்டே போயிட்டா எதை நெனப்பா சொல்லு," என்றார்.

"வலியில எதை நெனப்பா மாமா? வலியைத்தான் நெனப்பா."

"நீ புஸ்தகம் எழுதறவன். உனக்கு இதெல்லாம் வார்த்தை."

அவர் கண் கலங்கியிருந்தது. அவர் ஒரு முழு அயோக்கியனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியம்.

அன்று வெளியே போய் நடந்தேன். கால் போன போக்கில் ஆசிரமப் பக்கம் போய் ஒரு கஃபேயில் உட்கார்ந்தேன். பக்கத்து மேசையில் வெள்ளைப் பருத்திச் சட்டை போட்ட ஒருவர், கடல் தாண்டி வந்தவர், தன் சிநேகிதியிடம், மரணத்தைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது என்று இஞ்சி டீயை ஊதி ஊதிச் சொல்லிக்கொண்டிருந்தார். உடம்பு நானல்ல என்றார். சிநேகிதி கண்ணை மூடிக்கொண்டு ஆமாம் என்றாள். எழுந்து போய், எங்கள் வீட்டில் ஒருத்தி இருக்கிறாள், உடம்பு தானல்ல என்று அவளிடம் வந்து சொல்லுங்கள், அப்படியே இரண்டு கையால் இடுப்பைப் பிடித்துப் புரட்டியும் விடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. டீ குடித்தேன். மலை அங்கேயும் தெரிந்தது. அது எங்கேதான் தெரியவில்லை.

மறுநாள் நர்ஸ் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். அவள் மாமாவிடம் குரலை உயர்த்தவில்லை. மருந்து சரியாகப் போனால் தூக்கம் தெளிந்துவிடும், பேச்சு நன்றாக இருக்கும், சாமியும் கும்பிடலாம் என்று பொறுமையாகச் சொன்னாள். விட்டு விட்டுக் கொடுத்ததால்தான் அளவு ஏறியது, அதனால்தான் காலையில் அசத்தியது என்றாள். இனி புது அளவு, நேரம் தவறக்கூடாது என்றாள். மாமா கேட்டுக்கொண்டார். எல்லாம் சரி, அடுத்த நாள் பௌர்ணமி, அன்று ஒரு மத்தியானம் மட்டும் விட்டுவிடலாமா என்று கேட்டார். ஒரு வேளைதானே.

நர்ஸ் என்னைப் பார்த்தாள். மறுநாள் வேன் வர வழியிருக்காது. ஊருக்குள் வண்டி விடமாட்டார்கள். அன்றைக்கு அந்த மாத்திரை எங்கள் மூன்று பேர் கையில்தான்.

"அக்காவையே கேளுங்க சார்," என்றாள். "அவங்க உடம்பு."

மாமா உடனே கேட்கவில்லை. பௌர்ணமியன்று விடுப்பு எடுத்துக்கொண்டு காலையிலேயே அக்கா வீட்டுக்குப் போய்விட்டேன். தெருக்கோடியில் ஜனம் போய்க்கொண்டிருந்தது. ஒலிபெருக்கியில் நாமம், காணாமல் போன குழந்தை, அன்னதானம் என்று மாறி மாறி அறிவிப்பு. உச்சி வேளை நெருங்கியது. மாத்திரையும் தண்ணீர்ச் சொம்புமாக மாமா கட்டிலருகே நின்றார். அவர் அவளிடம் எதையாவது கேட்டு நான் பார்த்தது அன்றுதான். கல்யாணத்துக்குக்கூட அவளை யாரும் கேட்கவில்லை.

"இன்னிக்கு ஒரு நாள்," என்றார். "முழிச்சிகிட்டு மலையைப் பார்க்கறியா? அப்புறமா போட்டுக்கலாம். உனக்காகத்தான் கேக்கறேன்."

அக்கா அவரைப் பார்த்தாள். கோபமாக இல்லை. தெரிந்த ஒருவரைக் கூட்டத்தில் அடையாளம் கண்டுபிடிக்கிறவளைப் போல.

"ஏங்க," என்றாள், "கட்டிலைத் திருப்பிப் போடுங்க."

"எந்தப் பக்கம்?"

"தெருப் பக்கம். அந்த ஜன்னலைத் தொறங்க. மில்லு பார்க்கணும்."

நாத்தனார் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். அக்கா நிறுத்தவில்லை.

"நான் அதைப் போதும் போதும்னு பார்த்துட்டேன். அது என்னைப் பார்க்கல. மாத்திரையைக் குடுங்க."

கொடுத்தார். சொம்பையும் நீட்டினார். அவரும் நானும் கட்டிலின் இரண்டு பக்கமும் பிடித்துத் திருப்பினோம். பல வருஷமாகச் சாத்தியிருந்த கிழக்கு ஜன்னலின் கொக்கி துருப்பிடித்துப் போயிருந்தது. சுத்தியலால் தட்டித் திறந்தேன். சத்தமும் வெளிச்சமும் மாவு வாசனையும் ஒன்றாக உள்ளே வந்தன. வரிசையில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி, "இன்னாக்கா, எழுந்துட்டியா?" என்று அங்கிருந்தே கேட்டாள். அக்கா கையைத் தூக்கி ஆட்டினாள்.

அதற்குப் பிறகு அவள் இருந்த நாட்கள் கம்மிதான். ஆனால் அவை அவளுடையவை. அளவு சரியாகி, நேரம் தவறாமல் மாத்திரை போனதில், நர்ஸ் சொன்னபடியே தூக்கம் தெளிந்தது. வரிசையில் நிற்கும் பெண்கள் முறை வரும்வரை ஜன்னலாண்டை வந்து நின்று வம்பு பேசினார்கள். இவள் தலையணையில் சாய்ந்தபடி தீர்ப்புச் சொன்னாள். மாமா நாற்காலியை மாற்றவில்லை. பழைய இடத்திலேயே மேற்கு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து படித்தார். அவர் முதுகு அவளுக்கு. அவள் முதுகு மலைக்கு.

அவள் போனதும் ஒரு மத்தியானம்தான். மாத்திரை போட்டாகிவிட்டது. எதிர் வீட்டுப் பெண் ஒருத்தி கேழ்வரகு அரைத்துக்கொண்டு டின்னோடு ஜன்னலுக்கு வந்தாள். அக்கா விரலால் மாவைத் தொட்டுப் பார்த்து என்னவோ குறை சொன்னாள்; அந்தப் பெண் திரும்ப மில்லுக்குப் போனாள். நான் மோர் கலக்க அடுப்படிக்குப் போனேன். மில் மறுபடி ஓடியது. மோரோடு வந்தபோது அவள் ஜன்னலைப் பார்த்தபடியே இருந்தாள், பார்க்கவில்லை. முகத்தில் சுளிப்பு இல்லை. உதட்டில் கடித்த தடம் இல்லை. மாமா படித்துக்கொண்டிருந்தார். நான் தோளைத் தொட்டபோதுதான் திரும்பினார்.

ஜனம் வருவதற்குள் கிழக்கு ஜன்னலை யாரோ சாத்திவிட்டார்கள். யாரோ என்ன, நாத்தனார்தான். மில்லைத் துக்கத்துக்காக நிறுத்தினார்கள். அவள் கிடந்த கூடத்தில் அந்தச் சத்தம் ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்திருக்கும். வந்தவர்களிடம் மாமா, "மலையைப் பார்த்துகிட்டே போனா," என்றார். கடைசி வார்த்தையாகச் சாமி பெயரைச் சொன்னாள் என்றார். யார் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் முதல் ஓரிரு நாள் தெரிந்திருக்கும். சொல்லச் சொல்ல அவர் குரலில் நடுக்கம் போய்விட்டது. புண்ணியவதி என்றார்கள். கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

கருமாதிச் சாப்பாட்டுப் பந்தியில் நாத்தனார் அதை இன்னும் விரித்துச் சொன்னார். உச்சிகால மணி அடித்ததாம், அவள் கை கூப்பினாளாம். என் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த எதிர் வீட்டுப் பெண் சாதத்தைப் பிசைவதை நிறுத்தினாள்.

"இன்னாய்யா இவங்க இப்படி சொல்றாங்க?" என்று தாழ்ந்த குரலில் என்னிடம் கேட்டாள். "அது எங்கிட்டதானே பேசிச்சு. கேவுரு மாவு நைசா இல்ல, திருப்பி ஒருவாட்டி போடச் சொல்லுன்னுச்சு."

"போட்டீங்களா?"

"போட்டேன். நைசாதான் வந்துச்சு. காட்டலாம்னு எடுத்துகினு ஜன்னலாண்ட வந்தேன்."

அவள் இலையைப் பார்த்துக்கொண்டாள். பந்தியில் பாயசம் வந்தது.